பலகாரம் சுடாத வீடு

லெஸ்வோஸ் தீவு
16 டிசம்பர் 1964

அன்புத் தங்கை மிர்சினிக்கு,

அக்கா அர்கிரோ எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும், அது மழைக்காலத்து விருந்தாளி, வந்துவிட்டுப் போகும். நீயும் உன் வீட்டுக்காரர் ப்ரொகோபிஸும் தம்பி ஸ்த்ராத்திஸும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

வேண்டிக்கொள்வதுதான் என்னால் முடிந்தது. கடிதத்தைத்தான் காணோம். ஆகஸ்டில் எழுதினாய், அதுவும் அரைப்பக்கம். மெல்பர்னில் பேனாவுக்குப் பஞ்சமா? தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே அம்மா வாசலுக்கு வந்துவிடுகிறாள். அவர் பாவம், இப்போதெல்லாம் நம் வீட்டைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போகிறார். ஸ்த்ராத்திஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மலையில் அணை கட்டும் வேலைக்குப் போகிறேன் என்று மே மாதம் எழுதினான். அதோடு சரி.

இங்கே கிறிஸ்துமஸ் வேலை தலைக்குமேல் இருக்கிறது. தேன் பிஸ்கட்டுக்கு ஆரஞ்சுத் தோல் சீவியாயிற்று. வெண்ணெய்ப் பலகாரம் குராபியேவுக்குப் பாதாம் உடைத்து வறுத்தாயிற்று. அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே அதிகாரம்: "உஸோவ நல்லா ஊத்துடி. கஞ்சத்தனம் பண்ணினா வெண்ண வாடதான் அடிக்கும்." ஊற்ற எடுத்துவைத்த உஸோவில் பாதியை உன் அத்தான் குடித்துவிட்டார். கேட்டால், "நோம்பு நாள்ல வெண்ணதான் ஆகாது, சாராயத்துக்கு ஒண்ணும் சொல்லலயே" என்கிறார். வரும் வாரம் தட்டுகளைப் பேக்கரி அடுப்புக்குக் கொண்டுபோக வேண்டும். எவள் வீட்டுத் தட்டு கருகியது, எவள் சர்க்கரையில் மிச்சம் பிடித்தாள் என்று ஊரே அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

உனக்குக் கப்பலில் பாதாம் அனுப்பியிருந்தேன், வந்ததா? போன வருஷம் உன் குராபியே ரொட்டி மாதிரி பரந்துவிட்டது என்றாயே, இந்த முறை மாவைக் கொஞ்ச நேரம் குளிரில் வைத்துப் பிறகு சுடு. எப்படி வந்தது என்று எழுது.

உன் நெற்றியில் அம்மா முத்தமிடுகிறாள். நானும்.
அக்கா அர்கிரோ


மெல்பர்ன்
29 டிசம்பர் 1964

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பண்டிகைக்கு முந்தின நாள் வந்தது. அம்மாவின் காலுக்கு உஸோ தடவித் தேய்த்துவிடு, அத்தானுக்கு மிச்சம் வைக்காமல். நானும் ப்ரொகோபிஸும் நன்றாக இருக்கிறோம். கடிதம் போடாததற்கு நீ திட்டியது நியாயம்தான். காலுறை ஆலையில் வேலை அதிகம், வீட்டுக்கு வந்தால் கை ஓய்ந்துவிடுகிறது.

இங்கே கிறிஸ்துமஸ் எப்படிப் போனது என்று கேட்பாய். எங்கள் சந்தில் எல்லா நாட்டுக்காரர்களும் உண்டு. முதலில் மால்ட்டாக்காரி கார்மெனா ஒரு தட்டு கொண்டுவந்தாள். வளையல் மாதிரி பிஸ்கட், உள்ளே கருப்பட்டிப் பாகு போலக் கறுப்பாக ஒரு பூரணம், மேலே கத்தியால் கீறி விட்டிருக்கிறாள், அந்தக் கீறலில் பாகு எட்டிப் பார்க்கிறது. அடுத்து டச்சுக்காரி கிரீட். காற்றாலை உருவத்தில் பட்டையும் கிராம்பும் போட்ட மொறுமொறு பிஸ்கட். மர அச்சில் அழுத்தி எடுப்பாளாம், ஒன்றில்கூடச் சிறகு உடையவில்லை. பிறகு ஹங்கேரிக்காரி இலோன்கா, கசகசா வைத்துச் சுருட்டிய நீளமான ரொட்டி, வெட்டினால் உள்ளே கறுப்புச் சுழி. அதைத் தட்டில் வைத்து என் கையில் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். மேசை நிறைந்துவிட்டது, அக்கா. சாப்பிட ஆளில்லை.

நான் இந்த வருஷம் எதுவும் சுடவில்லை. வெயில் அப்படி. அடுப்பைப் பற்றவைத்தால் இந்தப் பலகை வீடே பேக்கரி ஆகிவிடும். பாதாம் வந்தது, பத்திரமாக இருக்கிறது.

ஸ்த்ராத்திஸ் மலையில்தான் இருக்கிறான். பண்டிகைக்கு விடுமுறை கிடைக்கவில்லை. எழுதச் சொல்கிறேன்.

அம்மாவின் கைகளுக்கு முத்தம்.
மிர்சினி


லெஸ்வோஸ்
15 ஜனவரி 1965

மிர்சினி,

எல்லோரும் சுகம் என்று நீ எழுதியதைப் படித்தேன். நாங்களும் சுகம். அந்தப் பேச்சு அதோடு போகட்டும்.

யார் செத்தது?

என்னிடம் வெயில் கதை சொல்லாதே. போன வருஷம் அங்கே வெயில் இல்லையா? அதற்கு முந்தின வருஷம்? ரொட்டியாகப் பரந்தாலும் குராபியே சுட்டவள் நீ. நம் ஊரில் கிறிஸ்துமஸுக்கு எந்த வீட்டில் பலகாரம் சுட மாட்டார்கள்? சாவு விழுந்த வீட்டில். எந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் தட்டு தட்டாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள்? அதே வீட்டுக்கு. அப்பா இறந்த வருஷம் நம் மேசை எப்படி இருந்தது என்று உனக்கு மறந்துவிட்டதா? நீ சுடவில்லை, சந்தே திரண்டு வந்து கொடுத்திருக்கிறது, ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். இதற்கு வேறு என்ன அர்த்தம்?

நான் புத்தியில்லாமல் அம்மா முன்னால் வாய்விட்டுப் படித்துவிட்டேன். பாதியில், "நிறுத்து. அந்த வரிய மறுபடி படி" என்றாள். படித்தேன். "சுடலயாமா?" என்றாள். "வெயிலாம்மா" என்றேன். அப்புறம், "ப்ரொகோபிஸ் சுகம்னு எழுதியிருக்கா. அவளும் சுகம். மலைக்குப் போனவன மட்டும் சுகம்னு எழுதலயே" என்றாள். எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். "மலையில்தான் இருக்கிறான்" என்று எழுதியிருக்கிறாய். மலையில் எங்கே? மேலேயா, மண்ணுக்குக் கீழேயா?

பெற்றவளிடம் மறைக்கலாம், என்னிடம் மறைக்காதே. தம்பிக்கு என்ன ஆயிற்று? நேராக எழுது. நான் தாங்குவேன்.

அர்கிரோ


மெல்பர்ன்
2 பிப்ரவரி 1965

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஸ்த்ராத்திஸ் உயிரோடு, உடம்போடு, பசியோடு இருக்கிறான். அம்மாவிடம் உடனே சொல். அவன் இருக்கும் முகாமுக்குத் தந்தி அடித்து, வீட்டுக்கு எழுது என்று சொல்லிவிட்டோம்.

இந்த ஊர் வழக்கம் வேறு, அக்கா. பண்டிகை வாரத்தில் இங்கே எல்லோரும் எல்லோர் வீட்டுக்கும் தட்டு எடுத்துப் போவார்கள். கார்மெனா வீட்டில் பத்துப் பேர் இருக்கிறார்கள், ஒருவரும் சாகவில்லை, அவள் வீட்டிலும் கிரீட்டின் காற்றாலைகள் இருந்தன. நீ அங்கே உட்கார்ந்துகொண்டு நம் ஊர்க் கண்ணாடியைப் போட்டு இந்தத் தெருவைப் பார்க்கிறாய்.

ப்ரொகோபிஸும் சொல்லச் சொன்னார்: "ஒங்க அக்காவ போலீஸ்ல சேத்துவிடலாம்."

அம்மா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? மழை நின்றதா? நீ திட்டினால்கூட எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. எழுதிக்கொண்டே இரு.

முத்தங்களுடன்,
மிர்சினி


லெஸ்வோஸ்
5 மார்ச் 1965

மிர்சினிக்கு,

நீங்கள் இருவரும் சுகமாக இருக்கக் கடவுள் அருளட்டும். இங்கே அம்மா பரவாயில்லை. மழை விட்டுவிட்டது.

போலீஸில் சேர்க்கும் அளவுக்கு எனக்குப் புத்தி இருப்பதால் சொல்கிறேன். தந்தி அடித்தாய், சரி. பதில் எங்கே? ஒரு மாதமாகிறது. அவன் கையெழுத்தில் ஒரு வரிகூட இங்கே வரவில்லை. உன் வார்த்தையை அம்மா நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் பாதிதான் நம்புகிறேன்.

போன சனிக்கிழமை இறந்தவர்களுக்கான பூசை. எல்லோரும் இனிப்புக் கோதுமை வேகவைத்து, பெயர்களைத் தாளில் எழுதிக் கோவிலுக்குக் கொண்டுபோனோம். நம் தாளில் அப்பா, பெரியப்பா, அத்தை எல்லோரையும் நான்தான் எழுதினேன். பாதிரிச் சாமி வாசித்துக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். கடைசியில் கோணல்மாணலாக ஒரு பெயர். எனக்குத் தெரியாமல் பக்கத்து வீட்டுப் பையனைப் பிடித்து அம்மா எழுதச் சொல்லியிருக்கிறாள். ஸ்த்ராத்திஸ்.

பூசை முடிந்ததும் சாமி எங்களிடம் வந்தார். "ஏம்மா, செத்தான்னு சேதி வந்துச்சா?" என்று கேட்டார். "உயிரோட இருக்கான்னு மட்டும் வந்துச்சா?" என்று அம்மா திருப்பிக் கேட்டாள். பெயரை மட்டும் அவர் வாசிக்கவில்லை, புண்ணியவான். உயிரோடு இருப்பவனைச் செத்தவர்களோடு சேர்த்து வாசித்தால் என்ன ஆகும் என்று வழியெல்லாம் மாதாவை வேண்டிக்கொண்டே வந்தேன்.

ஈஸ்டருக்குள் அவன் கையால் ஒரு கடிதம் வர வேண்டும். இன்னொன்றும் கேட்கிறேன். பெரிய வியாழக்கிழமை ஈஸ்டர் முட்டைக்குச் சிவப்புச் சாயம் போடுவாயா, மாட்டாயா? சாவு வீட்டில் அதுவும் கிடையாது, தெரியும்தானே. ஈஸ்டர் சமயத்தில் அங்கே வெயில் இருக்காது என்று நீயே முன்பு எழுதியிருக்கிறாய். அதனால் யோசித்துப் பதில் சொல்.

அக்கா


மெல்பர்ன்
4 மே 1965

அன்புள்ள அக்காவுக்கும் அம்மாவுக்கும்,

கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்! உங்கள் எல்லோருக்கும் நல்ல சுகம் கிடைக்கட்டும். நாங்கள் சுகம். காணாமல் போன உங்கள் செல்லப்பிள்ளை ஈஸ்டருக்கு வந்து இறங்கினான். கிழிந்த இரண்டு சட்டையும் ஒரு மூட்டை அழுக்குத் துணியும் கொண்டுவந்தான். தந்தி அவன் கைக்குப் போகவே இல்லையாம், வேறு முகாமுக்கு மாறிவிட்டான். நான் போட்ட போட்டில் இப்போது எதிரில் உட்கார்ந்திருக்கிறான். மீதிப் பக்கம் அவனுக்கு.

அம்மா, நான்தான் ஸ்த்ராத்திஸ். நான் சாகவில்லை. என்னைச் செத்தவர்கள் தாளில் எழுதினாயாமே, அங்கே அப்பா பக்கத்தில் இடம் பிடித்துவைத்ததற்கு நன்றி, ஆனால் அவசரமில்லை. இங்கே மலையில் பனி, சாப்பாட்டுக்கு ஆட்டுக்கறி, பேச்சுக்கு எந்த மொழியும் புரியாத ஒரு நார்வேக்காரன். எழுதாதது என் தப்பு, அக்கா செருப்பால் அடிக்கட்டும். ஒரே ஒரு புகார். இவ்வளவு தூரம் வந்தும் இந்த வீட்டில் ஒரு சிவப்பு முட்டை இல்லை. பூசை முடிந்து வந்து முட்டை உடைத்து விளையாடலாம் என்று பார்த்தால், மிர்சினி அக்கா பக்கத்து வீட்டு ஹங்கேரிக்காரி கொடுத்த பூப்போட்ட முட்டையை நீட்டுகிறாள். அது உடைக்கவே மனசு வராத முட்டை. அத்தானும் ஒன்றும் சொல்லாமல் ரொட்டியைத் தின்கிறார். ஆஸ்திரேலியா வந்து இவர்களுக்கு மதம் மாறிவிட்டதா என்று கேள்.

உன் கைகளுக்கு முத்தம்.
உயிருள்ள ஸ்த்ராத்திஸ்


லெஸ்வோஸ்
22 மே 1965

மிர்சினி,

மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்!

அம்மா அந்தப் பக்கத்தை என்னிடம் கொடுக்கவே இல்லை. படிக்கத் தெரியாதவள், கையெழுத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். அப்புறம் அதை எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போய்ச் சாமியிடம் காட்டி, "நல்ல வேள நீங்க வாசிக்கல" என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்கு இரண்டு கிண்ணம் சூப் குடித்தாள். இப்போது சொல்லிவிடுகிறேன், ஜனவரியிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. சுகம், பரவாயில்லை என்றெல்லாம் நான் எழுதியது பொய். நீ மட்டும்தான் மறைப்பாயா?

ஆக, ஸ்த்ராத்திஸ் இருக்கிறான். ப்ரொகோபிஸ் இருக்கிறார், ரொட்டி தின்கிறார். நீ இருக்கிறாய்.

பிறகு யாருக்காக முட்டைக்குச் சாயம் போடவில்லை?

நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. அந்த மடையன் எழுதிவிட்டான். கிறிஸ்துமஸில் வெண்ணெயைத் தொடவில்லை, ஈஸ்டரில் சாயத்தைத் தொடவில்லை. உன் வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்கிறது, இல்லாவிட்டால் அந்த மனுஷன் சிவப்பு முட்டை எங்கே என்று கூரை இடியக் கத்தியிருப்பார். நீ யாருக்கோ துக்கம் காக்கிறாய். எனக்குத் தெரியாத யார் உனக்கு இருக்கிறார்கள்?

அம்மா இதைக் கவனிக்கவில்லை. மகன் கிடைத்த மயக்கத்தில் இருக்கிறாள். நான் சொல்லவும் இல்லை.

அர்கிரோ


லெஸ்வோஸ்
10 ஆகஸ்ட் 1965

என் மிர்சினி,

நீ சுகமா? நாங்கள் சுகம், இந்த முறை மெய்யாகவே.

மே மாதக் கடிதத்துக்குப் பதில் இல்லை. ஜூனில் இல்லை, ஜூலையில் இல்லை. முதலில் கோபப்பட்டேன். அப்புறம் நான் எழுதியதையெல்லாம் மனதுக்குள் திருப்பிப் படித்துப் பார்த்தேன். அக்கா மாதிரியா எழுதியிருக்கிறேன்? வக்கீல் மாதிரி எழுதியிருக்கிறேன். உன் அத்தான் அன்றைக்குச் சொன்னார், "நீ கேக்கற கேள்விக்குப் பயந்தே எனக்கு உண்மையெல்லாம் மறந்துபோவுது." சிரித்துவிட்டேன், ஆனால் சுட்டது.

இனி கேட்க மாட்டேன். சொல்ல முடியாதென்றால் சொல்லாதே. சும்மா ஒரு தாளில் உன் பெயரை மட்டும் எழுதி அனுப்பு, அது போதும். தபால்காரர் இப்போது என் தலையைப் பார்த்தாலே எதிர்ப்பக்கம் போகிறார். முன்பு அம்மாதான் வாசலில் நின்றாள், இப்போது நான் நிற்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, மிர்சினி. அவ்வளவுதான்.

உன் அக்கா


மெல்பர்ன்
5 செப்டம்பர் 1965

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. ப்ரொகோபிஸுக்கும் ஒன்றுமில்லை. பெயரை மட்டும் எழுதி அனுப்பத்தான் தாளை எடுத்தேன். எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தேன். இதை அம்மாவிடம் வாசிக்காதே.

போன வருஷம் எனக்குக் குழந்தை உண்டாகியிருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறம். அம்மா ஒவ்வொரு கடிதத்திலும் ஏதாவது விசேஷம் உண்டா என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருந்தாள். பிறந்தபின் மடியில் வைத்துப் படம் எடுத்து அனுப்பலாம், அதுவரை வாயைத் திறக்கக்கூடாது என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டோம். கண்பட்டுவிடும் என்ற பயமும்தான். ஆகஸ்ட் கடிதம் அரைப்பக்கமாக இருந்தது அதனால்தான். கூட எழுதினால் உளறிவிடுவேன்.

அக்டோபரில் நாள் நிறையும் முன்பே வலி வந்தது. உயிரில்லாமல் பிறந்தது. பெண். ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றி எடுத்துப்போனார்கள். முகத்தைக் காட்டுங்கள் என்று கேட்டேன், நான் பேசியது அவர்களுக்குப் புரியவில்லை. புரிந்திருந்தாலும் காட்டியிருக்க மாட்டார்கள் என்று இலோன்கா பிறகு சொன்னாள். பார்த்தால் தாய்க்கு மறக்காதாம், இங்கே அப்படித்தானாம். எங்கே புதைத்தார்கள் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் நாங்களே பாத்துக்குவோம், நீங்க கவலப்படாதீங்க" என்று ப்ரொகோபிஸிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவர் இங்குள்ள நம் கோவில் சாமியிடம் போனார். ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்குப் பூசை வைக்க வழியில்லை என்றார் சாமி. கெட்டவர் இல்லை, சொல்லும்போது அவர் கண்ணே கலங்கியதாம். ஆலையில் எல்லோரும், "சின்ன வயசுதானே, அடுத்தது பொறக்கும்" என்றார்கள். ப்ரொகோபிஸ் தொட்டிலைப் பிரித்துப் பலகைகளைக் கொல்லையில் அடுக்கிவிட்டு, "ஊருக்கு எழுதாத. அங்க ரெண்டு பேர் அழுது என்ன ஆகப்போவுது" என்றார். அவர் அழவில்லை. பலகையை மட்டும் ரொம்ப நேரம் நேராக்கிக்கொண்டிருந்தார்.

ஆக, அடக்கமும் இல்லை, பூசையும் இல்லை, பெயரும் இல்லை. கறுப்பு உடுத்த எனக்கு உரிமை உண்டா என்றுகூடத் தெரியவில்லை. கிறிஸ்துமஸ் வந்தது. உன் பாதாமை எடுத்துவைத்தேன், வெண்ணெய் வாங்கினேன். மாவில் கை வைக்க முடியவில்லை. சாவு வீட்டில் எப்படிச் சுடுவது? "குராபியே சுடலயா?" என்று ப்ரொகோபிஸ் கேட்டார். "வெயிலா இருக்கு" என்றேன். என் முகத்தைப் பார்த்தார், தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவரும் நம் ஊர்க்காரர்தானே.

மறுநாள் கார்மெனா தட்டோடு கதவைத் தட்டினாள். அப்புறம் கிரீட். அப்புறம் இலோன்கா. அவர்களுக்கு நம் வழக்கம் தெரியாது, பண்டிகை என்று கொண்டுவந்தார்கள். எனக்கு மட்டும் அது வேறாக இருந்தது. என் மகளுக்காக வந்த தட்டுகள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். கதவைச் சாத்திவிட்டு முதல்முறையாக வாய்விட்டு அழுதேன். உனக்கு அத்தனை விவரமாக எழுதினேனே, உனக்குப் புரிந்துவிடக்கூடாது என்று பயந்துகொண்டே எழுதினேன். புரிய வேண்டும் என்றும் ஆசையாக இருந்தது.

அக்கா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ பொய் சொல்ல மாட்டாய். அவள் நம் வீட்டுச் சாவாகக் கணக்கில் வருவாளா? இல்லை, நான்தான் பைத்தியமா?

மிர்சினி


லெஸ்வோஸ்
28 டிசம்பர் 1965

என் கண்ணே மிர்சினி,

நீயும் மாப்பிள்ளையும் மனம் ஆறிச் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் மூவரும் சுகம். அக்டோபரில் நான்கு வரி எழுதினேன், அதற்குமேல் கை ஓடவில்லை. நீ கேட்டதற்கு அதில் பதில் எழுதவில்லை என்று நினைத்திருப்பாய். பதில் என்னிடம் இல்லை. அதை அம்மாவிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.

உன் சொல்லை மீறினேன், மன்னித்துவிடு. கடிதத்தை மறைத்துவைத்தேன், ஆனால் நான் மூக்கை உறிஞ்சியது அம்மா காதில் விழுந்துவிட்டது. "படி. ஒரு வரி விட்டாலும் எனக்குத் தெரியும்" என்றாள். விடாமல் படித்தேன். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்: "கொழந்தைக்கு முடி இருந்துச்சாமா?" "எழுதலம்மா" என்றேன். பண்டிகை நெருங்கியதும், நான் பாதாமை எடுத்தபோது, "உள்ள வை. இந்த வருஷம் சுடக்கூடாது" என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், நான்தான் தயங்கினேன். உனக்குத் துக்க வருஷம் கழிந்துவிட்டதே என்றேன். "அவளுக்குக் கழிஞ்சிருச்சு. நமக்கு இப்பதானே சேதி வந்திருக்கு" என்றாள். ஞானஸ்நானம் இல்லாத குழந்தை, ஊர் என்ன சொல்லும் என்றேன். "ஊர நான் பாத்துக்கறேன். நீ அடுப்ப மூடு."

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பேக்கரியில் எல்லார் தட்டும் இருந்தது, நம் தட்டு மட்டும் இல்லை. உனக்குத் தெரியாததா, மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. முதலில் பக்கத்து வீட்டு மரியாந்தி வந்தாள், தட்டில் குராபியே, முகத்தில் பயம். நான் எழுந்திருக்கும் முன் அம்மா அந்த முழங்காலோடு வாசலுக்குப் போய்விட்டாள்.

"அமெர்சா, யாரு போனது? ஸ்த்ராத்திஸா?" என்று அம்மாவைப் பெயர் சொல்லி மரியாந்தி கேட்டாள்.

"இல்ல. அமெர்சா."

"எந்த அமெர்சா? நீதானே அமெர்சா! என்னடி சொல்ற?"

"நான் பெரியவ. போனது சின்னவ. மிர்சினியோட மக."

எப்போது பிறந்தாள், எங்கே ஞானஸ்நானம் கொடுத்தீர்கள் என்று மரியாந்தி கேட்டுவிடுவாளோ என்று எனக்கு உள்ளே பயம். அவள் ஒன்றும் கேட்கவில்லை. சிலுவை போட்டுக்கொண்டு தட்டை அம்மா கையில் கொடுத்தாள். நம் தீவில் மூத்த பெண்ணுக்குத் தாயின் தாய் பெயர்தானே, மிர்சினி. யார் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அந்தப் பெயர் அவளுடையது. எனக்கு அது தோன்றவில்லை. அம்மாவுக்குத் தோன்றியது.

அதற்கப்புறம் வந்தவர்கள் யாரும் யாருக்கு என்று கேட்கவில்லை. பேக்கரிக்காரர் மனைவி வந்தாள், தபால்காரர் வீட்டிலிருந்து வந்தார்கள், சாமியின் மனைவிகூட முக்காட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். ஒவ்வொருத்தியும் தட்டை நீட்டும்போது, "சின்ன அமெர்சாவுக்கு" என்று சொல்லித்தான் கொடுத்தாள். அம்மா ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டாள். உன் அத்தான் கொல்லைப்புறம் போய் விறகு பிளக்கிறேன் என்று நின்றார், பிளக்கும் சத்தமே கேட்கவில்லை.

கணக்கில் வருவாளா என்று கேட்டாயே. மேசையில் இடம் போதாமல் தட்டுகளை அம்மா கட்டிலில் வைத்திருக்கிறோம்.

இதை ப்ரொகோபிஸுக்கும் படித்துக் காட்டு, முழுவதும்.

உன் அக்கா
அர்கிரோ